கவுன்சலிங்குக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும், மாமா, சித்தப்பா, அத்தை, பெரியம்மா என்று கூட வரும் எல்லாருக்கும்,

வணக்கம்.

நான் திருச்சி தில்லைநகரில் ஒரு சின்ன அறையில் உளவியல் சிகிச்சை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கணவன் மனைவி உறவில் சிக்கல் இருக்கும், அல்லது விடாத பதற்றம் இருக்கும், அல்லது எப்போதோ நடந்த ஒரு கொடுமை இன்னும் உடம்பை விட்டுப் போகாமல் இருக்கும். ஆனால் எனக்கு முதலில் போன் செய்வது பெரும்பாலும் அவர்கள் இல்லை, நீங்கள்தான்.

"மேடம், பொண்ணு சனிக்கிழமை வருவா. நான் பேசினதா காட்டிக்காதீங்க. நல்ல பொண்ணுதான், கொஞ்சம் பிடிவாதம். நீங்க எடுத்துச் சொன்னா கேட்டுப்பா."

குரல் மாறும், ஊர் மாறும், பேச்சு ஏறக்குறைய இதேதான். இந்த போன்களுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை. "ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கலாமே" என்று வீட்டில் முதலில் வாய் திறப்பது பல குடும்பங்களில் அம்மாதான். ஃபீஸ் கட்டுவது அப்பா. துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பஸ் பிடித்துக் கூடவே வந்து, வெளியே பெஞ்சில் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருப்பதும் நீங்கள்தான். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று தெரியவந்தது. உங்கள் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இல்லாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன்: வாசல் வரை கூட்டி வாருங்கள். அதற்கு அப்பால் அந்த அறையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கணவன் மனைவி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் நீங்கள் அதிகம் உள்ளே வருகிறீர்கள்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து வரும் நாட்கள் உண்டு. ஒரு பக்கம் நகை ரசீது வைத்த ஃபைல், இன்னொரு பக்கம் வாட்ஸ்அப் பேச்சை அச்செடுத்த தாள்கள். கல்யாணத்தில் எங்களுக்கு நாற்காலி போடவில்லை என்பதிலிருந்து தலைதீபாவளிக்கு வந்த வேட்டியின் விலை வரை வரிசையாக வரும். அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, மனம் நொந்தவர்கள்தான் பேசுகிறார்கள். ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்துப் பேசுவார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், தப்புச் செய்தவரைக் கண்டித்து அனுப்ப வேண்டும். இது பஞ்சாயத்து. இதைச் செய்ய ஊரில் என்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறார்கள்.

தம்பதி மட்டும் உட்காரும்போது நடப்பது வேறு. ஒரு ஜோடியைச் சொல்கிறேன். (இந்த மடலில் வரும் எல்லாரையும் பெயர், வயது, வேலை மாற்றி, ஒருவர் கதையை இன்னொருவர் கதையோடு கலந்துதான் சொல்கிறேன்.) அவள் குரலை உயர்த்துவாள், அவன் பேசாமல் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவான். அவன் வீட்டாருக்கு அவள் வாயாடி. அவள் வீட்டாருக்கு அவன் கல்நெஞ்சன். என் அறையில் மெதுவாகப் பேசப் பேச ஒன்று புலப்பட்டது. அவன் எழுந்து போய்விடுவான் என்ற பயத்தில்தான் அவள் குரல் உயர்கிறது. அவள் குரல் உயர்ந்தால் தானும் ஏதாவது கெட்ட வார்த்தை பேசிவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவன் எழுந்து போகிறான். அவன் போகப்போக இவள் கத்துகிறாள், இவள் கத்தக்கத்த அவன் போகிறான். இதில் யார் முதலில் தொடங்கியது என்று தேடினால் கல்யாணத்தன்றைக்கே போய் நிற்போம். இந்தச் சுழலை இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டால், "நீ இப்படித்தான்" என்பது குறைந்து "இதோ நமக்கு மறுபடி ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்ல வருகிறது. அவன் "பத்து நிமிஷம் கழிச்சு வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போகக் கற்றுக்கொண்டான். சொன்னபடி திரும்பி வரவும் கற்றுக்கொண்டான். அவளுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

அந்த நேரத்தில் அவன் அம்மாவோ அவள் அப்பாவோ அறையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அம்மா முன்னால் ஒரு ஆண் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்வது நம் வீடுகளில் அவ்வளவு சுலபம் இல்லை. வெளியே வந்ததும் "என்ன முடிவாச்சு?" என்று கேட்காதீர்கள். நல்ல செஷன் பலவற்றில் எந்த முடிவும் ஆகியிருக்காது. "எத்தனை சிட்டிங்குல சரியாகும்?" என்பதற்கும் என்னிடம் துல்லியமான பதில் கிடையாது. சில மாதங்கள் ஆகலாம். சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுப்பவர்களும் உண்டு, மரியாதையோடு பிரிவது என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. இரண்டாவது நடந்தால் நான் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள்.

ஒரே ஒரு நிலைமையில் நான் இருவரையும் சேர்த்து உட்கார வைக்க மாட்டேன். வீட்டில் அடி இருந்தால்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருப்பதாக அதில் சொல்லியிருக்கிறார்கள். இது அபூர்வமான விஷயம் இல்லை. அடிக்கிற கணவனுக்கு எதிரே மனைவியை உட்கார வைத்து "மனசுல இருக்கிறதைச் சொல்லும்மா" என்றால், அவள் உண்மையைச் சொன்னதற்கு அன்றிரவு வீட்டில் கூலி கிடைக்கும். அப்படிப்பட்டவளைத் தனியாகத்தான் பார்ப்பேன். முதல் பேச்சே பாதுகாப்பைப் பற்றித்தான் இருக்கும்: எங்கே போகலாம், எந்தப் பையில் ஆதார் அட்டையும் குழந்தையின் சான்றிதழ்களும் இருக்கின்றன, யாருக்கு போன் செய்யலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையமும் இதற்காகவே உள்ளவை.

"அவ அப்படிப் பேசினா எந்த ஆம்பளைக்குத்தான் கை ஓங்காது?" என்று என்னிடம் கேட்ட மாமியார்கள் உண்டு, பெண்ணைப் பெற்ற அம்மாக்களும் உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. நீதிமன்றம் அதன்படி கவுன்சலிங்குக்கு அனுப்பினால் எப்படி நடத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அந்தப் பேச்சில் அனுமதிக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் நேராக வருகிறவர்களுக்கும் என் அறையில் அதே விதிதான்.

அடுத்து, செஷன் முடிந்த அன்று இரவு வரும் போன். "என்ன மேடம் சொன்னா? எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

பதினெட்டு வயது நிரம்பியவர் என்னிடம் பேசியதை அவர் சம்மதம் இல்லாமல் உங்களிடம் சொல்ல முடியாது. ஃபீஸ் கட்டுவது நீங்கள் என்றாலும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், வேறொருவருக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால் அது தளரும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் உங்கள் சம்மதமும் பங்கும் வேண்டும். எதை உங்களிடம் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று பிள்ளையிடம் முதல் நாளே பேசி வைத்துவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நான் புகார் அளித்தே ஆக வேண்டும். "குடும்ப விஷயம், நாங்களே பார்த்துக்கறோம்" என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையைப் பற்றி "வயித்துவலி, தெரியாம மாத்திரை ஜாஸ்தி போட்டுட்டா" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேஸாகிவிடும் என்ற பயத்தில்தான் மறைக்கிறீர்கள், புரிகிறது. அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. ஆகவே என்னிடமும் டாக்டரிடமும் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைப் பெட்டியும் எங்கே இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி நிறையப் பேச வேண்டியிருக்கும்.

இப்போது பதற்றம். இதில் உங்கள் அன்பே எனக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் வீடு, ஜங்ஷன் பக்கம் வேலை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தினமும் போய்வருகிற பெண். ஒருநாள் காலை நெரிசலில் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவே நின்றுவிட்டது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது, மூச்சு முட்டியது, செத்துவிடுவோம் என்றே தோன்றியது. எப்படியோ இறங்கி, பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "கேஸ் ட்ரபிள்தான், ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு தாயத்தும் கட்டியாயிற்று.

மறுநாள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அதற்கு அடுத்த நாளும். சில மாதங்களில் அப்பா இல்லாமல் அவளால் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. அம்மா கால் மணிக்கு ஒருமுறை போன் செய்து "நல்லாயிருக்கியா?" என்று கேட்பார். கூட்டம் கூடும் இடம், லிஃப்ட், தியேட்டர் என்று ஒவ்வொன்றாக விட்டுப்போனது. கடைசியில் வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் என்னிடம் வந்தார்கள்.

அவளுக்கு வந்தது பானிக் அட்டாக். ஆபத்து இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து மணியை அடித்துவிட்டது. அது தானாகவே சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கிவிடும். ஆனால் இறங்குவதற்குள் நாம் அந்த இடத்தை விட்டு ஓடிவிட்டால், "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை ஸ்கூட்டர் ஏறும்போதும் அந்த எழுத்து அழுத்தமாகிறது. அப்பா அவளைப் பாலம் தாண்ட வைத்ததாக நினைத்தார். பாலம் உண்மையிலேயே ஆபத்தானது என்று அந்த ஸ்கூட்டர் அவளுக்கு அன்றாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

சிகிச்சை எப்படி நடந்தது என்றால், முதலில் என் அறைக்குள்ளேயே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்தோம். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொன்னேன், சுழல் நாற்காலியில் சுற்றச் சொன்னேன், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னேன். நெஞ்சு அடித்தது, தலை சுற்றியது, எதுவும் ஆகவில்லை. "இதே மாதிரிதான் அன்னைக்கும் இருந்துச்சு" என்றாள். அப்புறம் வெளியே. சிந்தாமணிப் பக்கம் பாலத்தின் முனையில் நிற்பது, பாதி தூரம் நடந்து அங்கேயே நின்று ஆற்றைப் பார்ப்பது, படபடப்பு ஏறி இறங்கும் வரை அசையாமல் இருப்பது. அப்புறம் கூட்டமில்லாத மதியப் பஸ். கடைசியில் காலை நேரத்து ஒன்றாம் நம்பர் பஸ்.

அவள் அப்பா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்கு மேடம் பாலத்துல நிக்க வெச்சுப் படுத்துறீங்க?" நியாயமான கேள்விதான். மகள் முகம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எந்த அப்பாவுக்கும் வலிக்கும். அவருக்கு நான் தந்த வேலை, அவள் செய்ததைவிடக் கடினம் என்றே நினைக்கிறேன். அவள் "அப்பா, இன்னைக்கு மட்டும்" என்று கேட்கும்போது ஸ்கூட்டர் சாவியை எடுக்கக் கூடாது. "கஷ்டமா இருக்கும்னு தெரியும்மா, உன்னால முடியும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அம்மா, கால் மணிக்கு ஒருமுறை என்பதை மதியம் ஒரு போன் என்று குறைக்க வேண்டும். அவர்கள் செய்தார்கள். பன்னிரண்டு வாரம் போல ஆனது. இன்றும் சில நாள் பாலத்தில் அவளுக்கு நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும் என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தேர்வுக்குப் பயப்படுகிற பையனுக்கு லீவு லெட்டர் எழுதித் தருவது, கை கழுவிக்கொண்டே இருக்கிற பெண்ணுக்காக வீடே சேர்ந்து மறுபடி மறுபடி கழுவுவது, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று ஒரே கேள்விக்கு நாளெல்லாம் பதில் சொல்வது என எல்லாமே அந்த ஸ்கூட்டரின் வகைதான். இதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. எதை, எப்போது, எவ்வளவு குறைப்பது என்று பிள்ளையோடு சேர்ந்து திட்டம் போடும்போது உங்களையும் நானே கூப்பிடுவேன். அப்போது அவசியம் வாருங்கள்.

மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். மாத்திரை எழுதுவது நான் இல்லை, மனநல மருத்துவர். பதற்றம் கடுமையாக இருந்தால் அவரிடம் அனுப்புவேன். "பழகிடும்" என்று நீங்கள் பயப்படுவதில் ஒரு பாதி உண்மை உண்டு. உடனே அமைதிப்படுத்தும் சில தூக்க வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும், அதனால் டாக்டர்கள் அவற்றைக் குறைந்த நாட்களுக்கே தருவார்கள். மாதக்கணக்கில் எடுக்கச் சொல்பவை பெரும்பாலும் வேறு வகை. அவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். பிள்ளை கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியதும் "போதும், நிறுத்திடு" என்று நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வந்து எல்லாரும் பயந்துபோவீர்கள். குறைப்பதானால் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பழைய காயத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் விட முடியாது.

சின்ன வயதில் சொந்தக்காரர் ஒருவரால் கொடுமைக்கு ஆளான பெண்கள் வளர்ந்து, கல்யாணமாகி, தாயாகும் சமயத்தில் என்னிடம் வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள், அவர்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். இருபது வருஷமாக ஒழுங்காக இருந்தவளுக்குத் திடீரென்று தூக்கம் போய்விடும். ஒரு குறிப்பிட்ட புகையிலை வாசனை வந்தால் உடம்பு உறைந்துவிடும். கணவன் பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். "எப்பவோ நடந்தது, இன்னுமா?" என்கிறீர்கள். அவள் உடம்புக்கு அது எப்போதோ நடந்ததாக இல்லை, இப்போது நடப்பதாக இருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. காயத்தை மையமாக வைத்து, எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை, கண் அசைவோடு சேர்த்துச் செய்யும் இஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் எடுத்தவுடன் பழையதைக் கிளற மாட்டோம். முதலில் தூக்கம், சாப்பாடு, பயம் பொங்கும்போது தரையில் பாதத்தை அழுத்தி, கண்ணில் படும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, தான் இருப்பது இந்த வருஷம், இந்த அறை என்று உடம்பை மீட்டுக்கொண்டுவரும் பழக்கம். நினைவுக்குள் போவது அதற்கு அப்புறம்தான், அதுவும் அவள் சரி என்று சொன்ன வேகத்தில்.

வீட்டில் "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு" என்று உலுக்காதீர்கள். "மறந்துடு, யார்கிட்டயும் சொல்லாதே" என்று மூடவும் செய்யாதீர்கள். அவளாகச் சொல்லும்போது "நீ சொல்றதை நம்புறேன். உன் மேல தப்பே இல்லை" என்றால் போதும். அம்மாவின் வாயிலிருந்து இந்த இரண்டு வார்த்தை வராததுதான், நடந்த கொடுமையைவிட அதிகமாக வலித்தது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த ஆள். வளைகாப்புக்கு வருவார், பத்திரிகை வைக்காவிட்டால் சொந்தத்தில் கேட்பார்கள் என்பீர்கள். ஒரு பெண் தன் வளைகாப்பன்று, கையில் சந்தனம் பூச வரிசையில் அவர் வருவதைப் பார்த்து நாற்காலியிலேயே மயங்கியிருக்கிறாள். சரியாகச் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். அவள் அம்மாவுக்கு உண்மை தெரியும். நான் வாரம் ஒரு மணி நேரம் செய்கிற வேலையை அப்படி ஒரு நாள் அடித்துக்கொண்டு போய்விடும். சொந்தம் என்ன சொல்லும் என்ற கவலையை உங்கள் தோளில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரிகையை அனுப்பாமல் இருக்கும் அதிகாரம் வீட்டில் உங்களிடம்தான் இருக்கிறது, அவளிடம் இல்லை.

பிள்ளையின் மனதை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒன்று. வேறு சாதியில் ஒருவரை விரும்புகிற மகளிடம் "பேசி மறக்கடிங்க" என்கிறீர்கள். அவள் குழம்பியிருந்தால் யோசிக்க உதவுவேன், அவள் சார்பில் நான் முடிவெடுக்க மாட்டேன். தன்பாலினத்தவரை விரும்பும் மகனைச் "சரிப்படுத்த" வேண்டும் என்று வருகிறீர்கள். அது நோய் இல்லை, அதை மாற்றும் சிகிச்சையும் கிடையாது. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்து உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அந்த வழக்கில் என் மனதைத் தொட்டது வேறு. தனக்கே இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, தீர்ப்பு எழுதுவதற்கு முன் அந்த நீதிபதி ஒரு உளவியலாளரிடம் நேரம் வாங்கி உட்கார்ந்து கேட்டார். அந்தப் பெண்களின் பெற்றோரையும் அதே உளவியலாளரிடம் அனுப்பினார். ஒரு உயர்நீதிமன்ற நீதிபதிக்கே தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தது என்றால் நீங்கள் வந்து கேட்பதில் கூச்சம் எதற்கு?

விவாகரத்து வழக்குக்காக "மனநிலை சரியில்லைன்னு ஒரு லெட்டர்" கேட்கிறவர்களுக்கு: தர மாட்டேன். மருமகளைக் கூட்டி வராமலே கேட்கிறவர்களுக்கு இன்னும் உறுதியாகத் தர மாட்டேன்.

யாரிடம் போவது என்று கேட்கிறீர்கள். போர்டு வைத்தவர் எல்லாரும் படித்தவர் இல்லை, ஆகவே தயங்காமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். மற்ற உளவியலாளர்களை முறைப்படுத்த 2021இல்தான் தனிச் சட்டம் வந்தது. அதனால் படிப்பு என்ன, யாரிடம் பயிற்சி, எந்த முறையில் சிகிச்சை என்று விசாரிப்பது உங்கள் உரிமை. பணம் இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ தமிழிலேயே பேசலாம், காசில்லை.

கடைசியாக உங்களைப் பற்றியே ஒன்று. மகள் சூட்கேஸோடு திரும்பி வந்த நாளிலிருந்து தூங்காத அப்பாவை எனக்குத் தெரியும். பிபி மாத்திரை கூடிக்கொண்டே போகிறது, கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்திவிட்டார், கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தான் பட்டதையே மருமகளும் பட வேண்டுமா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு, வெளியே அதற்கு எதிராகப் பேசுகிற மாமியாரையும் தெரியும். பிள்ளையின் செஷனில் கால் மணி நேரம் கடன் வாங்கி இதையெல்லாம் என்னிடம் சொல்ல முயல்கிறீர்கள். அந்தக் கால் மணி நேரம் உங்களுக்குப் போதாது, பிள்ளைக்கும் நஷ்டம். உங்கள் பெயரிலேயே தனியாக ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். பிள்ளையைப் பார்க்கிற நானே உங்களைப் பார்ப்பது சரிவராது என்றால், நல்ல வேறொருவரிடம் நானே பேசி அனுப்புகிறேன். போன் செய்யும்போது "பொண்ணுக்காக" என்று சொல்ல வேண்டாம். "எனக்குத்தான்" என்று சொல்லுங்கள், அது போதும்.

அன்புடன்,
தில்லைநகரிலிருந்து ஓர் உளவியலாளர்